நானூற்றுப் பதின்மூன்று

— நிறத்தைப் பாத்து வயர் குடுக்காதையும் தம்பி கொலின்ஸ். பழைய சாமானிலை நிறம் பொய் சொல்லும், மீற்றர் சொல்லாது. விளங்குதே?

— அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான் ஜிஹானா அக்கா. குருநகரிலை உந்த வால்வு வேலை ஒருத்தருக்கும் தெரியாது. கனடாவிலை இருந்து மச்சான் அனுப்பின கிற்றார் அம்ப், ஒரு கிழமைதான் பாடிச்சுது. ஞாயிறு எங்கடை வேதக்கோவில் பெருநாளுக்கு வாசிக்கோணும்.

— கரகரவெண்டு கத்திப்போட்டு மணந்ததோ?

— ஓம் அக்கா. ரயர் எரிஞ்ச மணம்.

— அவுட்புட் ரான்ஸ்போமர் எரிஞ்சுபோச்சு. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலை நிக்கிறது அதுதான். புதுசுக்கு எங்கை போறது? நீர் கொண்டந்த பழசு சரிவந்தா உமக்கு அதிஷ்டம். உது எங்காலை?

— எங்கடை வலை அறையிலை, ஒரு வாளிக்குள்ளை கிடந்தது. அப்பா நீக்கிலாப்பிள்ளை கடலுக்கும் போவார், கோவில் ஸ்பீக்கர் பெட்டியும் பாப்பார். பெட்டி உக்கிப்போச்சு, இது மட்டும் தப்பியிருக்கு. பேருமில்லை, ஒரு அடையாளமுமில்லை.

— பேர் எதுக்கு? பொண்ணோ பாக்கிறம்? இந்தா, ஸ்பீக்கர் பக்கத்துக்கு ஆறு வோல்ட் குடுக்கிறன். மற்றப் பக்கம் மீற்றரிலை என்ன காட்டுது எண்டு பாரும். கை வையாதையும், அடிக்கும்.

— நூற்றைம்பது.

— இருபத்தஞ்சு மடங்கு. உம்மடை வால்வுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. பொறும், பொறும். உது கொம்பனிச் சாமான் இல்லை. ஆரோ கையாலை சுத்தினது.

— மெய்யே? எப்பிடித் தெரியும்?

— சிவப்பு வாற இடத்திலை நீலம், நீலம் வாற இடத்திலை சிவப்பு. இப்பிடி மாத்தி விடுற கடை யாழ்ப்பாணத்திலை ஒண்டே ஒண்டுதான் இருந்தது. இதே சோனகதெருவிலை, எங்கடை வாப்பான்ரை கடை.

— அப்ப வாப்பா சுத்தினதுதான் இது.

— வாப்பா புத்தளத்திலை மௌத்தாகி இருபது வருசமாச்சு. அந்தச் சின்னக் கத்தியைத் தாரும். மேல்துணியை உரிச்சா, உள்தாளிலை எத்தினை சுத்து, எத்தினையாவது சாமான், எந்த மாசம் எண்டு எழுதிக் கிடக்கும். அது எங்கடை கடை வழக்கம்.

— மெதுவா அக்கா, கிழிஞ்சிடும்.

— மெழுகெல்லோ பூசிக் கிடக்கு. நாங்கள் வாணிஷ்தான் பூசுறது. உது மெழுகுதிரி மெழுகு.

— என்ன எழுதியிருக்கு? அக்கா? ஏன் என்னட்டைத் தாறியள்?

— நீர் வாசியும். என்ரை கண்ணை நான் நம்பமாட்டன்.

— பென்சில் எழுத்து. மூவாயிரத்து இருநூறு சுத்து. அதுக்குக் கீழை நானூற்றுப் பதின்மூண்டு. பிறகு, மாசி தொண்ணூற்றிமூண்டு.

— தொண்ணூற்றிமூண்டோ? வெளிச்சத்திலை பிடிச்சுப் பாரும்.

— சத்தியமா அக்கா. தொண்ணூற்றிமூண்டுதான்.

— கடையிலை கடைசியாச் சுத்தினது நானூற்றுப் பன்ரெண்டு. தொண்ணூறு ஐப்பசி. ரெண்டு மணித்தியாலத்திலை வெளிக்கிடுங்கோ எண்டு இயக்கம் எங்கடை முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டுக் கலைச்ச அண்டு. எனக்கு அப்ப பதினாலு வயசு. எல்லாரும் சட்டி பானையைக் கட்ட, வாப்பா மட்டும் சொன்னார், மற்ற ஆக்களின்ரை சாமான் எங்கடை கையிலை நிக்கப்படாது, குடுத்திட்டுத்தான் போறது எண்டு. அந்த நானூற்றுப் பன்ரெண்டு போட்ட பெட்டியைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு என்ரை கூடப்பிறந்த இஸ்ஸத் நானா குருநகருக்குப் போனவர். திரும்பி வரேல்லை. லொறி எங்களை ஏத்திக்கொண்டு போயிட்டுது.

— குருநகரிலை ஆரிட்டைப் போனவர்?

— பேர் எனக்குத் தெரியாது. கோவில் ஸ்பீக்கர் பெட்டிக்காரர் எண்டுதான் சொன்னவை. நானாவை வழியிலை சுட்டிருப்பினம் எண்டு வாப்பா நம்பினார். நான்தானே அனுப்பினனான் எண்டு கடைசி மூச்சு வரைக்கும் அழுதார். இந்த மூண்டாம் இலக்கத்தைப் பாரும், தலை தட்டையா. இப்பிடி எழுதாதை எண்டு நானாவுக்கு எத்தினை தரம் பேச்சு விழுந்திருக்கு.

— அக்கா, நீங்கள் முதல் இருங்கோ. எங்கடை வீட்டிலை யாகப்பு மாமா எண்டு ஒருத்தர் இருந்தவர்.

— ஆர் அவர்?

— மன்னாரிலை இருந்து வந்த அப்பான்ரை மச்சான் எண்டு சொன்னவை. எனக்கு அஞ்சாறு வயசு. வலை அறையை விட்டு வெளியிலை வரமாட்டார். கோவிலுக்கும் வரமாட்டார், வருத்தக்காரர் எண்டு அம்மா சொல்லுவா. சைக்கிள் றிம்மைச் சுழட்டிச் சுழட்டிக் கம்பி சுத்துவார், வாய்க்குள்ளை எண்ணிக்கொண்டிருப்பார். நான் கதைச்சா எண்ணிக்கை பிசகும் எண்டு ஒரு பனங்கட்டித் துண்டைத் தந்து வாயை அடைப்பார்.

— ஏன் எங்களிட்டை வரேல்லை? மூண்டு வருசம் கிடந்ததே.

— அப்ப வெளியிலை போறதுக்கு இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கோணும் அக்கா. பாஸுக்குப் பேர் குடுக்கோணும். அவர் எந்தப் பேரைக் குடுக்கிறது?

— இப்ப எங்கை தம்பி?

— தொண்ணூற்றிமூண்டு காத்திகையிலை வளவுக்குள்ளை ஷெல் விழுந்தது. அதிலை செத்த மாமாவை வளவு மூலையிலையே தாட்டவை.

— அல்லாவே. நானா உசிரோடை இருந்து கம்பி சுத்தியிருக்கிறார், நாங்கள் அங்கை அவரைச் செத்தவர் எண்டு கத்தம் ஓதிக்கொண்டு இருந்திருக்கிறம்.

— அப்பா பிறகு கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அம்மா பயத்திலை வாய் திறக்கேல்லை. அவற்றை ஆக்கள் ஒருநாள் வருவினம், அவைதான் கல்லு வைக்கோணும் எண்டு மட்டும் சொல்லுவா. போன வருசம் அவவும் கண்ணை மூடினா. அக்கா, என்னை மன்னிக்கோணும். வெறுமையாக் கிடக்குதெண்டு நான் சீமெந்திலை ஒரு சிலுவை கட்டிப்போட்டன். இண்டைக்கே உடைக்கிறன்.

— அதைப் பிறகு பாப்பம், தெரியாமச் செய்தது. எனக்கு இப்ப ஒண்டுதான் தெரியோணும். நானாவை எந்தப் பக்கம் பாத்துக் கிடத்தினவை? எங்கடை ஆக்களெண்டா முகம் மக்காப் பக்கம் இருக்கோணும்.

— நான் சின்னப் பெடியன். அம்மா சொல்லித்தான் தெரியும்.

— என்ன சொன்னவ? சொல்லும்.

— ஷெல் விழுந்துகொண்டிருக்க அப்பா கரைக்கு ஓடிப்போய், வள்ளத்துக் கொம்பாஸைக் கழட்டிக்கொண்டு வந்தவராம். அதை நிலத்திலை வைச்சு, மேற்குமில்லை வடக்குமில்லை எண்டு திருப்பித் திருப்பிப் பாத்துக் கோடு கீறித்தான் குழி வெட்டினவராம். மாமான்ரை முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டவராம். அப்பாக்கு அண்டைக்கு விசர் எண்டு இண்டு வரைக்கும் நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான் அக்கா.