கூரையில் ஏறிய சிவப்பு

கிடைத்த அரை நாள் ஓய்வையும் நமக்காகக் கொடுத்துவிட்டுத் தலைமை நாற்காலியில் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர் அவர்களே! ஒருவருக்கொருவர் கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டே முதலுதவிப் பயிற்சியை முடித்திருக்கும் இளைய தோழர்களே! அழைப்பு வந்தால் எழுந்து ஓடத் தோதாக வாசலோரம் அமர்ந்திருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே! பிள்ளையின் முழங்கால் ரத்தத்தை முந்தானையால் துடைத்து, முதலுதவிக்கே முதல் பாடம் எழுதிய தாய்மார்களே! தலை நரைத்தும் தளராத பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். வெள்ளைத் துணி, அதில் சிவப்பாய் ஒரு சிலுவை. வேறோர் இடத்தில் சிவப்புப் பிறை. இன்னோர் இடத்தில் முனையில் நிற்கும் சிவப்புச் சதுரம். மருத்துவ அடையாளமான இந்த மூன்றுக்கும் போர்ச் சட்டத்தில் ஒரே மரியாதை. பழம்பொருள் காக்கும் கட்டடத்துக்கு நீலமும் வெள்ளையுமாய்க் கேடயம். அணைக்கட்டுக்கு வரிசையாய் மூன்று ஆரஞ்சு வட்டங்கள். எல்லாம் சாயம்தானே? மழையைத் தடுக்குமா இந்தச் சாயம்? கல்லைத் தடுக்குமா? கல்லையே தடுக்காத சாயம் பீரங்கியைத் தயங்க வைப்பது எப்படி?

என்ன தம்பி அங்கே? எல்லாரும் மதிக்கிறார்களா என்றா கேட்டீர்கள்? இல்லை தம்பி. மதிக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது போர்க்குற்றம். என் வியப்பெல்லாம் மதிக்கிறவனைப் பற்றித்தான். எதை நம்பி அவன் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுக்கிறான்?

அதற்கு முன் ஒன்று. தலைவர் அவர்களே, உங்கள் கார்க் கண்ணாடியிலும் அந்தச் சிலுவையைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், முன்வரிசை மருந்துக்கடைக்காரரே! உங்கள் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. அழகுக்கு ஒட்டுகிற பொட்டா அது? இல்லை என்பதை என் அக்கா கதையிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா போர் நடந்த ஓர் ஊரில் தலைமைச் செவிலி. ஆஸ்பத்திரிக் கூரையில் வானத்துக்குத் தெரியும்படி பெரிய சிலுவை தீட்டியவர், அந்தத் தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எல்லாரும் அவரை 'வார்னிஷ்' என்றே கூப்பிடுவார்கள். தீட்டி முடித்தார். டப்பாவில் மிச்சம் இருந்தது. நேரே வீட்டுக்குப் போய்த் தன் கூரையிலும் ஒன்று தீட்டிவிட்டார்! அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? தையற்கடை, முடிதிருத்தும் கடை, கடைசியில் மரம் விற்கும் மரவாடி. ஒரே நாளில் தெருவெல்லாம் ஆஸ்பத்திரி. மறுநாள் மரவாடிக் கூரையின் கீழே போராளிகள் குண்டுப் பெட்டிகளை அடுக்கினார்கள்.

அக்கா பதறிப்போய் வார்னிஷ் வீட்டுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த சிசுக்களை அசைக்கக்கூட முடியாது.

"வார்னிஷ், எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க? உள்ள என் பொண்டாட்டி கால் ஒடிஞ்சு கெடக்கறா. ஆஸ்பத்திரியில எடமில்லன்னு நீங்கதானே அனுப்பிவச்சீங்க? குண்டு விழுந்தா அவ எழுந்து ஓட முடியுமா? அவ உசிரு உசிரில்லையா?"

என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள், தாய்மார்களே! அக்கா ஆஸ்பத்திரிக் கூரையைக் கைகாட்டினார்.

"உசிருதான். ஆனா ஆஸ்பத்திரி மேல நீங்க போட்டது நெஜம். இது பொய். மேல வர்றவன் மரவாடியப் பாத்து ஒரு பொய்யக் கண்டுபிடிச்சிட்டான்னா, அந்த நெஜத்தையும் நம்ப மாட்டான்."

வார்னிஷ் தலையை ஆட்டி மறுத்தார். உள்ளே கட்டிலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, கருப்பு பெயின்ட் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"எதுக்கா? ஏறுங்க. மொதல்ல நம்ம கூரையில அழிங்க. அப்பத்தான் அடுத்தவங்கிட்டக் கேக்க வாய் வரும்."

அழுதுகொண்டே ஏறினார் அந்த மனிதர். தன் மனைவியின் தலைக்கு மேலிருந்த காவலைத் தன் கையாலேயே அழித்தார்! அவரைப் பார்த்துத் தையற்காரர் ஏறினார். முடிதிருத்துகிறவர் ஏறினார். முணுமுணுத்துக்கொண்டே மரவாடிக்காரரும் ஏறினார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் மேசையைத் தூக்கி வெளியே போடச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவைக் கட்டிலோடு சுமந்து அங்கே கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் விமானம் வந்தது. குண்டு விழுந்து மரவாடி எரிந்தது. ஒட்டி இருந்த வார்னிஷ் வீட்டின் கூரையும் சிதறியது. ஆஸ்பத்திரியின் மேல் ஒருமுறை வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டது விமானம். மேலிருந்தவன் யாரோ, என்ன நினைத்தானோ, எனக்குத் தெரியாது. அவனைச் சந்திக்க எனக்கு இன்றும் ஆசை.

ஆனால் சாயத்துக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. தீட்டியவனிடமிருந்து அல்ல, தீட்டக் கூடாத இடத்தில் தீட்டாதவனிடமிருந்து! தனக்கு ஆசையிருந்தும், அச்சமிருந்தும், அழித்தவர்களிடமிருந்து!

வீடு போனதற்காக அக்கா அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவர் சொன்னார்:

"வீடு போனா போகட்டும் சிஸ்டர். அங்க அந்தப் பொய் இருந்திருந்தா, நான் படுத்திருந்த இந்த வராந்தாவ எவன் நம்பியிருப்பான்?"

இதைக் கேட்கத் தந்த காதுகளுக்கும், காலத்துக்கும் நன்றி. நாளை எந்தக் காயத்தின் அருகிலும் உங்கள் கை நடுங்காதிருக்கட்டும். வணக்கம்!