பார்த்த நேரம்

மேடையில் இருக்கும் தளபதி அவர்களே, கேப்டன் செனோவி ஹ்ரித்சாயின் துணைவி மெலானியா அவர்களே, தகவல் அறைத் தோழர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒதார்க்கா அக்கா, கடைசி வரிசையில் நிற்கும் ஊர் மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் யரின்கா. ரேடியோவில் வரும் செய்திகளைக் கேட்டு, நம் படை முழுவதும் பார்க்கும் வரைபடத்தில் ஏற்றுகிறவள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? நம் கேப்டன்! "காது நல்லா கேக்குமா? கேட்டதை அப்படியே எழுதுவியா? அப்போ உக்காரு" என்று சொல்லி, ஒரு கை சூரியகாந்தி விதை கொடுத்தார்.

அந்த வரைபடமே அவர் உருவாக்கியதுதான். அதற்கு முன், ஒரு அகழியில் தெரிந்தது பக்கத்து அகழிக்குத் தெரியாது. தெரியாமலே எத்தனை பேரை இழந்தோம்! அவர் வரைபடத்தில் ஆபத்தில்லாத இடம் பச்சை. ஒரு மணி நேரம் போனால் பச்சை தானாகச் சாம்பல் நிறமாகும். யாராவது மறுபடி கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ச்சில் நான் ஒரு தவறு செய்தேன். மரப்பாலத்தில் எதிரி இல்லை என்ற செய்தி, பல ரேடியோ மாறி இரண்டு மணி நேரம் கழித்து என்னிடம் வந்தது. நான் கேட்ட நேரத்தைப் போட்டு ஏற்றினேன். பாலம் பச்சையானது. அதை நம்பி, காயம்பட்ட இருவரோடு ஒதார்க்கா அக்கா கிளம்பினார்.

கேப்டன் என் பின்னால் வந்து நின்றார்.

"பொண்ணே, இதைப் பார்த்தது எப்போ?"

"பத்து அஞ்சுக்கு, கேப்டன்."

"அது நீ கேட்ட நேரம். அவன் பார்த்த நேரம்?"

அதை நான் கேட்டு வாங்கவே இல்லை. அவர் ரேடியோவைப் பிடுங்கினார்.

"ஒதார்க்கா, வண்டியைத் திருப்பு!"

"பச்சைன்னு காட்டுதே! உங்க வரைபடத்துக்குக் காய்ச்சலா?"

"ஆமா, காய்ச்சல்தான். திட்டறதை இங்க வந்து திட்டு."

அக்கா திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பிறகு ட்ரோன் அனுப்பிப் பார்த்தோம். அக்கரையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருந்தது.

என்னை வீட்டுக்கு அனுப்பினாரா? இல்லை! பிழைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதினார்: "நேரத்துக்கு ஒரே கட்டம் வைத்தது என் தவறு." மறுநாள் திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. கேட்ட நேரம், பார்த்த நேரம். இரண்டையும் நிரப்பாமல் எதுவும் ஏறாது.

போன செவ்வாய், குன்றின் மேல் ஆன்டெனாவைச் சரிசெய்யப் போன கேப்டன் அங்கிருந்து அழைத்தார். "யரின்கா, எழுது. தெற்குச் சாலையில எதிரி இல்ல. பார்த்தது நான். ரெண்டு பதினாலு." சிறிது நேரத்தில் அந்தக் குன்றில் குண்டு விழுந்தது. அவர் திரும்பி வரவில்லை.

அழுதுகொண்டே திரையைப் பார்த்தேன். மூன்று பதினாலுக்கு அவருடைய பச்சை சாம்பலானது. அந்தச் சாலை வழியாகத் தப்பிக்க ஊர் மக்கள் நாற்பத்தோரு பேர் ஏறிய பேருந்து இன்னும் புறப்படவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது என்பதற்காக அதை நம்பி அனுப்புவதா? அவர் சம்மதிப்பாரா?

"தெற்குச் சாலையை யாராவது பாருங்க" என்று ரேடியோவில் கேட்டேன்.

ஒதார்க்கா அக்காவின் குரல் வந்தது. "பார்த்தாச்சு, எதிரி யாரும் இல்ல. பார்த்தது நான். மூணு இருபத்தொண்ணு. ரெண்டு கட்டத்தையும் நிரப்புடி."

நிரப்பினேன். பேருந்து புறப்பட்டது.

கேப்டன் அவர்களே, நன்றி. பார்த்த நேரம் கேட்காமல் எதையும் ஏற்ற மாட்டோம், உங்கள் சொல்லாக இருந்தாலும்.