பன்னண்டு வீட்டுத் தேத்தண்ணி

– ...அதுக்கு மேல சரியா ஞாபகம் இல்ல ஐரின். அன்னைக்கு மழை பேஞ்சுச்சா, இல்லையா?

– பேஞ்சுச்சு பாப்பம்மா அக்கா. நாளைக்கு விழா மேடையில பேசுறப்ப அந்த மழையோட நிப்பாட்டிக்கிருங்க.

– மாட்டேன். ஹுன்னஸ்கிரிய சந்தியில நம்ம மாதர் சங்கத்துக்குக் கடை கெடச்சு ஆறு வருஷம். தலைவி நான். உண்மையச் சொல்லிறப் போறேன்.

– அன்னைக்குப் பரிசோதிக்க வந்த ஆபீசர் ஷிராஸ் சேர் முன்வரிசையில இருப்பாரு!

– அதான்... அவருகிட்டதான் சொல்லணும்.

– என்னன்னு?

– பன்னண்டு வீட்டுலயும் காளான் மொளச்சாத்தான் கடைன்னாரு. மொளச்சது ஏழு வீட்டுல.

– மத்த வீட்டுக் காளான் பையெல்லாம் கொரங்கு பிச்சிருச்சுன்னீங்க.

– கொரங்கு இல்லடி... குளிருமேன்னு அடுப்புக்கு மேல தொங்கவிட்டோம். வெந்து போச்சு.

– அஞ்சு வீட்டுலயுமா?

– யோசனை சொன்னது நான்.

– ஐயோ அக்கா!

– சிரிக்காத. நீ அவரை வீடு வீடாக் கூட்டிட்டு வர்ற. அவரு முன்னுக்குத் தேத்தண்ணி குடிக்கிறாரு. நாங்க பின்னுக்குப் பையத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுறோம். ஒம் பையில மாதா படம் ஒட்டியிருந்தியே...

– அது ஒங்க வீட்டுல தொங்குச்சு. புள்ளையாருக்குப் பக்கத்துல!

– "நீங்களும் வேதக்காரங்களா?"ன்னு கேட்டாரு.

– என்ன சொன்னீங்க?

– "மாதா வந்தா வேணாம்னா சொல்லுவோம், சேர்?"

– ஹா... பன்னண்டு தேத்தண்ணி குடிச்சாரு, பாவம்.

– போறப்ப "அடுத்த மாசமும் வருவேன்"னாரு. அந்தப் பயத்துலதான் நாங்க அஞ்சு பேரும் புதுப் பை வாங்கி நெசமாவே வளத்தோம். மனுசன் வரவே இல்ல. ஏமாத்தி வாங்குன கடை, ஐரின். மனசு உறுத்துது...

– அன்னைக்கு ஒங்க வீட்ட விட்டு எறங்குனதும் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு.

– யாரு? சேரா?

– "பின்பாதை வழுக்கும், ஓட வாணாம்னு சொல்லுங்க. நான் தேத்தண்ணிய மெல்லமாக் குடிக்கிறன்"னாரு.

– அடிப்பாவி! ஆறு வருஷமா... ஏன் சொல்லல?

– சொல்லியிருந்தா நீங்க அஞ்சு பேரும் மறுபடி பை வாங்கியிருப்பீங்களா? "அடுத்த மாசம் வருவேன்"னு அவரைச் சொல்லச் சொன்னதே நான்தான். இப்ப பன்னண்டு வீட்டுலயும் காளான் இருக்கு, சந்தியில கடை இருக்கு, சேர் பென்சன்ல இருக்காரு, சீனி வருத்தத்தோட. நாளைக்கு அவருக்குச் சீனி போடாமத் தேத்தண்ணி குடுங்க... ஒன்னே ஒன்னு.