கண்ணாடி மாட்டின ஆறு வாரம்

இல்ல ப்ரீதி மேடம், அந்தக் கண்ணாடியால எனக்குத் தலைவலி எல்லாம் வரல. அது மத்தவங்களுக்கு. உக்காருங்க, கேன்டீன்ல இந்நேரம் கூட்டம் இருக்காது. தமிழ் தடுமாறினா பரவால்ல, மெதுவா கேளுங்க. பேரு மரியஜோசப், வீடு தாபோடி. வண்டிக்குள்ள ஓடுற ஒயரெல்லாம் சேத்துக் கட்டுற வேலை, பதினோரு வருஷமா.

உங்க ஹிஞ்சேவாடி ஆபீஸ்லருந்து அந்தக் கண்ணாடிய கொண்டாந்தப்ப முதல்ல யாரும் தொடல. நெத்தியில கேமரா, இடுப்புல பேட்டரி. சூப்பர்வைசர் விசாலாக்ஷி மாட்டிப் பாத்துட்டு, கழுத்து போயிரும்னு கழட்டி வச்சிட்டாங்க. நான் மாட்டினேன், அப்புறம் இன்னும் சில பேர். அடுத்த ஒயர் எந்த டப்பாவுல இருக்கோ அதச் சுத்தி ஒரு கட்டம் தெரியுது. எடுத்தா, எந்த ஓட்டையில சொருகணுமோ அங்க ஒரு அம்பு. அவ்ளோதான்.

ஆறு வாரம், ஒரு தப்பு இல்ல. முன்னாடி மாசத்துக்கு நாலஞ்சு வரும், உங்க பேப்பர்ல சரியாத்தான் போட்டிருக்கு. ஏன் எனக்கு மட்டும் இவ்ளோ வித்தியாசம்னா... கவனம்னு எழுதிக்கோங்க. எழுதிட்டீங்களா? அடிச்சிருங்க.

பக்கத்து சீட்ல சுப்பையான்னு ஒருத்தர் இருந்தார். நான் ஒயர லேசா தூக்கிக் காட்டுவேன். சரின்னா தலையாட்டுவார், தப்புன்னா சும்மா இருப்பார். எட்டு வருஷம். ஏன்னு கேட்டதே இல்ல. மூணு வருஷம் முன்னாடி, ரெண்டாயிரத்து நாலுல, ஒரு நாள் காய்ச்சலோட வந்து தலைய கவுத்து உக்காந்திருந்தார். நான் எழுப்பல. நாப்பது கட்டுல ஒயர் மாறிப்போச்சு. டெஸ்ட்ல ஒரு வண்டி புகைஞ்சுது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. எங்க வரிசையில முடிஞ்ச கட்டெல்லாம் அவர் மேஜையிலதான் அடுக்குறது, இதுவும் அங்கதான் இருந்துச்சு. காய்ச்சல்ல பண்ணிட்டார்னு வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. போகும்போது என்னைப் பாத்தார். சம்சாரம் பட்டுவக் கூட்டிட்டு ஊருக்கே போயிட்டார்.

திங்கக்கிழமை கண்ணாடிய திருப்பி எடுத்துட்டுப் போறீங்களாமே. இப்ப அந்த சீட்ல பத்மநாபன். ரெண்டு பொண்ணு படிக்குது. அடுத்த தடவை தப்பான கட்டு அவர் மேஜையில இருக்கும்.

அதான் மேடம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி. பொறந்ததுலருந்து. வேலைக்குச் சேரும்போது டாக்டர் எழுத்து மட்டும்தான் படிக்கச் சொன்னார், படிச்சிட்டேன். அந்த நாப்பதும் நான் கட்டினது.

எழுதுங்க, நிறுத்தாதீங்க. தப்பு பண்ணினது சுப்பையா இல்லன்னு தனியா ஒரு வரி போடுங்க. கையெழுத்து எங்க போடணும்?