ஒரே ஒரு ஜோடி

"...ரெண்டே ரெண்டு தாங்க வாங்கினேன். தலைய ஆட்டாதீங்க, கத்தி கையில இருக்கு."

சலூன்காரர் புதிய வாடிக்கையாளரின் வலது கன்னத்தை மழித்தவாறே பேசினார். உதடு வரை சோப்பு நுரை அப்பியிருந்தபடியால், வாடிக்கையாளர் வாய் திறக்கும் நிலையில் இல்லை.

"கடைக்கு அழகா இருக்கட்டுமேன்னு ஒரு ஜோடி கப்பி மீன். எம் மச்சான், சம்சாரத்தோட தம்பி, வீட்ல இருபது நத்தை வளக்குறான். 'என்ன மாமா, ரெண்டு தானா'ன்னு சிரிச்சான். வந்துச்சு பாருங்க ரோஷம்... ஆறே மாசத்துல உன்னத் தாண்டுறேண்டான்னு பந்தயம் கட்டிட்டேன்.

அவன் நத்தை மூணு மாசத்துக்கு ஒருக்கா ரெட்டிக்கும். நம்ம மீனு மாசாமாசம். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு... மூணாவது மாசம் அவன்கிட்ட நாப்பது. அப்பவும் சிரிச்சான். ஆறாவது மாசம் அவனுக்கு எம்பது, எனக்கு நூத்தி இருபத்தெட்டு. சிரிப்பு நின்னுச்சு. மீனு நிக்கலையே. தாடையத் தூக்குங்க.

இப்ப வீட்ல குளிக்கிற தொட்டியிலயும் மீனு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தொட்டி காலியாகலேன்னா தம்பி வீட்டுக்குப் போயிருவேன்னு சம்சாரம் சொல்லிட்டா. அவ போயிட்டா அவன் மொகத்துல நான் எப்படிங்க முழிக்கிறது?

போன மாசமே பாதி மீன வர்றவங்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். அப்பாடான்னு உக்காந்தேன். ஒரே மாசம்... பழைய கூட்டம் அப்படியே நிக்குது. பாதியக் கொடுத்தா ஒரு மாசந்தாங்க பின்னால போகுது. வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. அவங்க வீட்லயும் ரெட்டிக்குதாம்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... ஜெயிக்கணுங்கிற வெறியில தினம் முட்டை மஞ்சக்கரு போட்டு வளத்தவன் நாந்தான். அது அவளுக்குத் தெரியாது. இருங்க, உங்களுக்கு ஒரு ஜோடி எடுத்துட்டு வாறேன். ஒரே ஒரு ஜோடி தான்."

உள்ளறைக்குச் சென்றவர், கண்ணாடி ஜாடியுடன் திரும்பி வந்தார். நாற்காலி காலியாக இருந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணி கைப்பிடியில் தொங்கியது. ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் நுரையோடு, தெருமுனையில் ஓர் உருவம் ஓட்டமும் நடையுமாக மறைந்துகொண்டிருந்தது.

"ஐயா, மிச்சக் கன்னத்துக்காவது வாங்க. மீனு தரல..."

சலூன்காரர் நெடுநேரம் ஜாடியையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"சரி, அவ தம்பி வீட்டுக்குத் தான போறேங்கிறா," என்றார், காலி நாற்காலியிடம். "வெறுங்கையோட எப்படி அனுப்புறது? இதையும் பையில வச்சு விடுவோம். ஒரே ஒரு ஜோடி தான."