ஐந்தாவது ஆல்பத்தில் டிரம்ஸ் எங்கே

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷம் பாட்டுப் பதிவுக்கூடத்தில் ஒலிப்பதிவாளனாக உட்கார்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் வராது. இப்போது ஓய்வு பெற்று, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழுவின் சத்தம் ஐந்தாவது ஆல்பத்தில் ஏன் அப்படி மாறியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

போஸ்ட்-பங்க் என்கிற முரட்டு ராக் வகைக் குழு. நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சிரிப்புகூடக் கிடையாது. முதல் ஆல்பத்தில் கிதார் ரம்பம் மாதிரி அறுக்கும். பாடுகிறவன் வீட்டுக்காரரிடம் சண்டை பிடிப்பதுபோல் பாடுவான். டிரம்ஸ் என் தங்கை புருஷன். அவன் அடித்தால் மூன்று தெரு தள்ளி நிற்கும் கார்கள் அலறும். எதிர்க் கட்டிடத்து லிஃப்ட் பயந்துபோய்த் தானாகக் கீழே இறங்கும். விமர்சகர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். வெளியீட்டு விழாவில் என் தோளில் கைபோட்டு, "நம்ம மச்சான்தான். பட்டன் தள்ளுற வேலை," என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினான். நானும் சிரித்தேன். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தத்தை ஒரு மயிரிழை குறைத்தேன். அவ்வளவுதான். இசைக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டாமா? மூன்றாவதில் இன்னொரு மயிரிழை. பதிவின்போது அவன் மாட்டுகிற ஹெட்போனிலும் அதே வைத்தியம். பாவம், அவன் இன்னும் ஓங்கி அடித்தான். குச்சிகள் முறிந்தன, மணிக்கட்டு வீங்கியது. நான் இன்னும் குறைத்தேன். மற்றவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அவரவருக்கு அவரவர் வாத்தியம் மட்டும்தான் காதில் விழும். பாடுகிறவனோ, கடைசியில் தன் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான்.

நான்காவது ஆல்பத்துக்கு 'முதிர்ச்சி' என்று எழுதினார்கள். ஐந்தாவதுக்கு, 'டிரம்ஸ் இருக்கிறதா என்ற சந்தேகமே இதன் பேரழகு' என்று ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் உருகியிருந்தார். ஒன்றுமே பதியாத வெறும் இசைத்தட்டைக் கொடுத்திருந்தாலும் உருகியிருப்பார்.

தங்கை புருஷன் மட்டும் மெலிந்துபோனான். "நான் அடிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது மச்சான்," என்றான். காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அன்பாகச் சொன்னேன். தங்கையும் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம் காதுச் சோதனைத் தாளோடு என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் பழைய களை.

"காது நல்லாத்தான் இருக்குங்கிறார் டாக்டர். அப்போ அடுத்த ஆல்பத்துக்கு நானே வாசிக்கவா மச்சான்?"

நான் பதில் சொன்னேன். நீளமாக, பொறுமையாக, கையெல்லாம் ஆட்டி. அவன் முன்னால் குனிந்தான். காதுக்குப் பின்னால் கையை வைத்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, குச்சிகளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் வாசிக்கவில்லை. ஆறாவது ஆல்பத்துக்கு மெஷின்தான். பட்டன் நான்.

தங்கை என்னைக் குற்றவாளி என்கிறாள். அவனிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குக்கூட வாயை மட்டும்தான் அசைத்தேன்.