இரண்டாவது கதிரை

– அந்தக் கதிரையைத் தூக்காதையும், நிலுஷா. அவர் இருக்கத்தான் கொண்டந்து போட்டனான்.

– றீற்றா அன்ரி, பிளீஸ். டிரெக்டர் உங்களைத் தனியத்தான் எடுக்கச் சொன்னவர். இராஜநாயகம் அங்கிள் கொஞ்ச நேரம் குசினிக்க இருக்கட்டும்.

– நான் போறனப்பா. தேத்தண்ணி வைக்கிறன்.

– இருங்கோ! ஏன் பிள்ளை, என்ர மனிசனைக் கமராவுக்குக் காட்ட உங்களுக்கு வெக்கமோ?

– ஐயோ, அப்பிடியில்லை அன்ரி. இது ஓனிஷி எண்ட அந்த ஜப்பான்காரரைப் பற்றின படம். சுனாமியண்டு இந்தக் கரையில அவர் எடுத்த உங்கட முகத்தாலதான் அவருக்குப் பெயரே வந்தது. ‘திருகோணமலை விதவை’ எண்டு புத்தக அட்டையிலயும் போட்டவை. துக்கத்தில கத்தின பொம்பிளையைக் கேக்காமல் எடுத்தவர் எண்டு இப்ப அங்க பெரிய சண்டை. நீங்கள் அவரை நல்லா ஏசினாச் சரி.

– விதவை! இருவது வருசமா இந்த மனிசனைச் சாகடிச்சு வைச்சிருக்கிறாங்கள். போன வருசமும் ஒரு ஜப்பான் பொம்பிளை வந்து, இவற்ற கையிலயே மெழுகுதிரியைக் குடுத்து, செத்தவருக்குக் கொளுத்தச் சொன்னவள்.

– கொளுத்தினனான். பாவம், அந்தப் பொம்பிளை அழுதுகொண்டு நிண்டது.

– பாரும், தனக்குத் தானே கொளுத்தின ஆள்!

– அங்கிள் பக்கத்தில இருந்தா சனம் குழம்பிடும் அன்ரி. படத்தின்ர கதையே நிக்காது.

– நிக்காட்டி விழட்டும். உங்கட கதைக்காக நான் என்ர தாலியைக் கழட்ட ஏலாது.

– விடப்பா. அந்தப் பிள்ளைக்கும் இது வேலைதானே.

– நீங்கள் கதைக்காதையுங்கோ. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் வராமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போன ஆள்தானே!

– போனபடியாத்தானே தப்பினனான். நடுக்கடலில அலை வந்ததே எனக்குத் தெரியேல்லை.

– சரி, அங்கிள் தப்பினது பெரிய சந்தோசம். ஆனா அன்ரி, படத்தில நீங்கள் தலையில கை வைச்சுக் கத்திறியள், கண்ணீர் ஓடுது. அது துக்கம்தானே? அந்தத் துக்கத்தைத்தானே அவர் களவெடுத்தவர்?

– துக்கமோ? கமராவைப் போடும் பிள்ளை, ரெண்டு கதிரையும் தெரியிற மாதிரி. அந்த மனிசன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு என்ர முகத்தை எடுத்தவர். ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தா, தன்ர முதுகுக்குப் பின்னால இவற்ற வள்ளம் கரைக்கு வாறதைக் கண்டிருப்பார்.